தம்பிக்கு ஐசிஎஃப் அப்ரண்டிஸா, ஒரகடம் கம்பெனி ட்ரெய்னியா? எதுக்கு அனுப்புறது?

அரக்கோணம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் மொத தடவ கேக்குறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

தம்பி பத்தாவது முடிச்சு கவர்மெண்ட் ஐடிஐல ஃபிட்டர் படிச்சான், ரெண்டு வருஷ கோர்ஸ். போன வருஷம் பாஸ், என்சிவிடி சர்டிபிகேட் கைல இருக்கு. அதுலேருந்து ஊர்ல ஒரு கேட், கிரில் போடுற பட்டறைக்கு போய்ட்டு வரான், வெல்டிங் கிரைண்டிங்னு எது குடுத்தாலும் செய்வான், தினக்கூலிதான். இப்ப பாருங்க ஒரே சமயத்துல ரெண்டு இடத்துலேருந்து கூப்பிடுறாங்க. ஒண்ணு பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப், ஆக்ட் அப்ரண்டிஸுக்கு, அதாவது அப்ரண்டிஸ் சட்டப்படி தொழில் பழகுற பயிற்சிக்கு அப்ளை பண்ணியிருந்தான், பரீட்சையெல்லாம் இல்ல பத்தாவது மார்க்க வச்சு லிஸ்ட் போட்டாங்க, அதுல பேரு வந்துடுச்சு, சர்டிபிகேட் சரிபாக்க வரச்சொல்லியிருக்காங்க. ஒரு வருஷம், மாசம் 7,000 ஸ்டைபண்ட். இன்னொண்ணு ஒரகடம் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி, ட்ரெய்னின்னு எடுக்குறாங்க, கைக்கு 14,500, ஒரு வேள சாப்பாடு, காஞ்சிபுரத்துலேருந்து கம்பெனி பஸ். ரெண்டு வருஷம் கழிச்சு பர்ஃபார்மன்ஸ் பாத்து பெர்மனன்ட் பண்ணுவோம்னு சொன்னாங்களாம்.

வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறார், அவரு கணக்கு சிம்பிள், மாசம் 7,500 வித்தியாசம்னா வருஷத்துக்கு 90,000, குழு லோன் ஓடிட்டு இருக்கும்போது அத யாரு குடுப்பாங்றார். சித்தப்பா என்னடான்னா ரயில்வே உள்ள கால வச்சிட்டா வேல நிச்சயம், கண்ண மூடிட்டு போகச்சொல்லுங்றார். அம்மாவுக்கு அவன் இன்னும் படிக்கணும், டிப்ளமோ சேரணும்னு ஆச. இவன கேட்டா "நீங்களே சொல்லுங்க"ன்னு ஃபோன பாத்துட்டு உக்காந்துருக்கான்.

அப்ரண்டிஸ் முடிச்சவங்க, இல்ல அவங்கள வேலைக்கு எடுக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஐசிஎஃப் முடிச்சா நெஜமாவே ரயில்வே வேல கெடைக்குமா? அந்த ஒரு வருஷம் வீணா?

பெரம்பூர் லோகோ:

அக்கா, உங்க சித்தப்பாவ யாராவது கொஞ்சம் உக்கார வச்சு சொல்லுங்க. நிச்சயம்லாம் இல்ல. நானும் ரயில்வே ஒர்க்ஷாப்ல ஆக்ட் அப்ரண்டிஸ் முடிச்சவன்தான், அதான் சொல்றேன்.

1961 அப்ரண்டிஸ் சட்டத்துலயே 22வது பிரிவுல, ட்ரெய்னிங் முடிச்சவனுக்கு வேல குடுக்கணும்னு முதலாளிக்கு கட்டாயம் இல்லன்னு இருந்துச்சு. 2014ல திருத்தி, ஒவ்வொரு நிறுவனமும் இதுக்கு தனக்குன்னு ஒரு பாலிசி வச்சுக்கணும்னு ஆக்கினாங்க, அவ்ளோதான். சுப்ரீம் கோர்ட் 1995ல உத்தரப்பிரதேச போக்குவரத்து கழக கேஸ்ல ஒண்ணு சொல்லிச்சு, மத்த தகுதியெல்லாம் சமமா இருந்தா அப்ரண்டிஸ் முடிச்சவனுக்கு முன்னுரிம குடுக்கணும்னு. அந்த "சமமா இருந்தா"வ பிடிச்சிட்டு எவ்ளோ பேரு எவ்ளோ வருஷமா கோர்ட்டுக்கு அலையறாங்க தெரியுமா.

ஆனா ஒண்ணு இருக்கு. ரயில்வேல லெவல் 1 அதாவது பழைய குரூப் டி டைரக்ட் ரெக்ரூட்மெண்ட்ல 20 சதவீதம் ரயில்வேல அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்குன்னு தனியா ஒதுக்குறாங்க. அந்த 20 பத்தாது எல்லாரையும் எடுன்னுதான் 2018 மார்ச்ல மும்பைல தாதர் மாட்டுங்கா நடுவுல பசங்க தண்டவாளத்துல உக்காந்து காலைல லோக்கல் சர்வீஸயே நிறுத்தினாங்க, டிவில பாத்திருப்பீங்க. சோ அந்த 20க்குள்ள வரணும்னாலும் ஆர்ஆர்பி, அதாவது ரயில்வே தேர்வு வாரிய பரீட்ச எழுதி பாஸ் ஆகணும், போட்டி மத்தவங்களோட இல்லாம அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்குள்ள. எனக்கு கெடச்சது அப்படித்தான். கூட இருந்த நெறைய பேரு பரீட்சைக்கே படிக்காம "சர்டிபிகேட் இருக்குல்ல மச்சான்"னு இருந்தாங்க, அதுல பாதி பேரு இப்ப வேற வேற எடத்துல.

உள்ள எப்படி இருக்கும்னா, ஐசிஎஃப்ல ஷெல் டிவிஷன், ஃபர்னிஷிங் டிவிஷன்னு ரெண்டு பெரிய பக்கம். ஷெல்லுல பாடி கட்டுறது, வெல்டிங் ஃபிட்டிங் அந்த மாதிரி, ஃபர்னிஷிங்ல உள் வேலைங்க. வந்தே பாரத் மொத ரயிலு 2018ல அங்கேருந்துதான் வெளிய வந்துச்சு, அதனால இப்ப உள்ள போற பசங்களுக்கு பாக்க நெறைய இருக்கு. பிரச்சன என்னன்னா கவர்மெண்ட் எடம், உன்ன யாரும் விரட்ட மாட்டாங்க. ஓரமா நின்னு ரீல்ஸ் பாத்துட்டே வருஷத்த ஓட்டிடலாம். ஒரு நல்ல சீனியர் டெக்னிசியன் பின்னாடி தொங்கிட்டு "அண்ணே நான் புடிக்கிறேன் அண்ணே நான் டைட் பண்றேன்"னு நின்னா அவரு கைல இருக்கறது முழுக்க உனக்கு வரும். ரெண்டு விதமான பசங்களும் ஒரே சர்டிபிகேட் வாங்கிட்டுதான் வெளிய வராங்க.

பரீட்சைக்கு படிக்க டைம் கெடைக்கும். அரக்கோணத்துலேருந்து சீசன் டிக்கெட்ல வந்துட்டு போயிடலாம், ரூம் வாடக மிச்சம், ட்ரெயின்லயே போக வர படிக்கலாம், நெறைய பசங்க அப்படித்தான் பண்றாங்க.

வம்பு வேண்டாம் வாசு:

மேல லோகோ தம்பி சொன்னது சரி. நான் அடுத்த பக்கம் சொல்றேன், ஏன்னா நான் அந்த ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பெல்ட்ல ட்ரெய்னியாவே மூணு கம்பெனி மாறினவன்.

மொதல்ல ஆஃபர் லெட்டர தம்பிகிட்ட வாங்கி நீங்க படிங்க. மேல யாரு பேரு இருக்கு? கம்பெனி பேரா இல்ல ஏதாவது ஃபவுண்டேஷன், அகாடமி, ஸ்கில்னு முடியற பேரா? ரெண்டாவது, அப்ரண்டிஸ் சட்டத்துக்கு கீழ கான்ட்ராக்ட் போட்டு அரசாங்க அப்ரண்டிஸ் போர்ட்டல்ல ரெஜிஸ்டர் பண்றாங்களா? மூணாவது, பிஎஃப் இஎஸ்ஐ பிடிப்பாங்களா? சட்டப்படி அப்ரண்டிஸுக்கு பிஎஃப் இஎஸ்ஐ கெடையாது, அது சரி. ஆனா சில எடத்துல அப்ரண்டிஸ் கான்ட்ராக்டும் இருக்காது பிஎஃபும் இருக்காது, ட்ரெய்னி ட்ரெய்னின்னு சொல்லியே ஓட்டிடுவாங்க. ரெண்டு பக்கமும் இல்லாத ஆளு நீ. முன்ன நீம்னு மத்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் ஏஐசிடிஇயோட ட்ரெய்னிங் ஸ்கீம் ஒண்ணு இருந்துச்சு, அதுல ஏஜெண்டுங்க மூலமா லைன் லைனா பசங்கள எறக்கினாங்க, இப்ப அத நிறுத்திட்டாங்க, ஆனா அந்த பழக்கம் போகல.

என் ரூம்ல இருந்த பையன் ஒருத்தன், ட்ரெய்னி, பவர் பிரஸ்ல போட்டாங்க. செகண்ட் ஷிப்டு முடிஞ்சு ஆளு வரலன்னு அடுத்த ஷிப்டும் நிக்க வச்சாங்க. ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரி செலவு பண்ணாங்க, அதுக்கப்புறம் நஷ்டஈடுன்னு போனா நீ எங்க ஆளே இல்ல ஏஜென்சி ஆளுன்னாங்க, ஏஜென்சி ஃபோனே எடுக்கல. அப்ரண்டிஸ் சட்டத்துல கான்ட்ராக்ட் போட்டிருந்தா 16வது பிரிவுல அடிபட்டா நஷ்டஈடு முதலாளி பொறுப்பு, 15வது பிரிவுல அரசாங்க அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாம ஓவர்டைமே போடக்கூடாது. பேப்பர் இருந்தாதான் இதெல்லாம் பேசவே முடியும்.

30 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்யற எடத்துல 2.5லேருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னு ரூல் இருக்கு. அத நெஜமாவே சொல்லிக்குடுக்க எடுக்குற கம்பெனியும் இருக்கு, சீப்பா ஆளு வேணும்னு எடுக்குற கம்பெனியும் இருக்கு. வெளியேருந்து பாத்தா ரெண்டும் ஒரே யூனிஃபார்ம்தான்.

கணபதி டூல்ரூம்:

வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர்ல ஒரு டூல் ரூம்ல, அதாவது அச்சு, டை செய்யற எடத்துல சூப்பர்வைசருங்க, பசங்கள எடுக்கற பக்கம் இருக்கறவன். அம்மணி எடுக்கறவங்க சொல்லுங்கன்னு கேட்டிருக்கறதுனால எழுதறேன்.

எங்களுக்கு ஆளு வேணும்னு சொன்னா ஐடிஐ முடிச்ச பையன் தெனம் வரானுங்க. நான் சர்டிபிகேட்ட அப்பறம் பாப்பனுங்க. மொதல்ல ஒரு எம்எஸ் இரும்புத் துண்டு, ஒரு ஃபைலு, ட்ரை ஸ்கொயர் குடுத்து வைஸ்ல மாட்டி ஒரு பக்கம் அரம் போட்டு அதுக்கு அடுத்த பக்கம் 90 கொண்டு வான்னு சொல்லிருவேன். ஸ்கொயர வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாத்தா தெரிஞ்சு போகும். ஃபைல புடிக்கறதுலயே தெரியுமுங்க, ஒடம்பு ஆடுச்சுன்னா நடு மேடாயிரும் ஓரம் எறங்கிரும். அடுத்து வெர்னியர் குடுப்பேன், மைக்ரோமீட்டர் குடுப்பேன். அப்பறம் ஒரு டிராயிங்க நீட்டி இதுல 25 ஹெச்7ன்னு போட்டிருக்குது ஓட்ட எவ்வளவு பெருசாகலாம்னு கேப்பேன். 25ல இருந்து 21 மைக்ரான் மேல போலாம், கீழ எறங்கவே கூடாது. இத சொன்னான்னா போதும், சம்பளம் பேச உக்காந்துக்கலாம். சொல்லத் தெரியாதவனயும் எடுக்கறமுங்க, ஆனா ஹெல்பருக்கு.

இப்ப உங்க தம்பி விசயத்துக்கு வாரேன். எல்லாரும் ஐசிஎஃப்பா கம்பெனியான்னு பேசறீங்க, நான் கேக்கறது அவன எந்த டிபார்ட்மெண்ட்ல போடறாங்கன்னுதானுங்க. அதே ஒரகடம் கம்பெனில மெயின்டனன்ஸ்லயோ டூல் ரூம்லயோ போட்டாங்கன்னு வைங்க, 14,500ம் வருது தொழிலும் வருது, நான் கண்ண மூடிட்டு அங்கதான் போகச்சொல்லுவேன். மெயின்டனன்ஸ்ல பையன் ரெண்டு வருசத்துல பேரிங் மாத்துவான், பெல்ட்டு அலைன் பண்ணுவான், ஹைட்ராலிக் லீக்கு பாப்பான், நியூமேட்டிக் சிலிண்டர் கழட்டி சீல் போடுவான், ராத்திரி லைன் நின்னு போச்சுன்னா எல்லாரும் இவன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. ஆனா புரொடக்சன் லைன்ல போட்டாங்கன்னா, ஒரே ஸ்டேசன்ல நின்னு நட் ரன்னர வச்சு அதே நாலு போல்ட்ட ஷிப்டு முழுக்க முடுக்கிட்டு இருப்பான். பரோட்டாக் கடைல மாவு மட்டும் பெசஞ்சவன மாஸ்டர்னு யாரு கூப்பிடுவாங்க? அப்படி லைன்ல இருந்துட்டு ரெண்டு வருசம் கழிச்சு வெட்டி உட்ட பசங்க எங்கிட்ட வாரானுங்க, ஐடிஐல கத்துக்கிட்டதும் மறந்திருக்குது, ஃபைல குடுத்தா சிரிக்கறான். பாவமா இருக்குமுங்க, வயசு 22 ஆயிருக்கும், 18 வயசுப் பையன் கூட ஹெல்பரா நிக்கோணும், ரோசம் வந்து நாலாவது நாள் வர மாட்டான்.

ஐசிஎஃப்லயும் இதே கேள்விதான். லோகோ தம்பி சொன்ன மாதர ஓரமா நின்னா ஒண்ணுமில்ல. ஆனா அங்க டார்கெட் தொல்ல அப்ரண்டிஸுக்கு இருக்காது, தப்பா பண்ணி கத்துக்கறதுக்கு எடம் இருக்குது, அது பெரிய விசயமுங்க. பிரைவேட்ல ஸ்கிராப் ஆச்சுன்னா அடுத்த நிமிசம் மேனேஜர் வந்துருவாரு, கத்துக்கற பையன் கைய வைக்கவே பயப்படுவான்.

இன்னொண்ணு. கேட் கிரில் பட்டறைல இருந்தான்னு சொன்னீங்க, அத கேவலமா நெனைக்காதீங்க. கிரைண்டர் புடிச்ச கை, வெல்டிங் தெரிஞ்ச கை. அத அவன் பயோடேட்டால போடவே மாட்டான் பாருங்க, போடச்சொல்லுங்க.

ஓட்டிட்டே இரு:

7,000 ஸ்டைபண்டுக்கு சென்னைல ஒரு வருஷமா? பைக் இருந்தா ஃபுட் டெலிவரி ஓட்டுனாலே மாசம் இருபது தேத்தலாம். இந்த ஸ்கில்லு சர்டிபிகேட்டு எல்லாம் கவர்மெண்ட் கணக்கு காட்ட பண்றது. எங்க ஏரியால ஐடிஐ முடிச்ச பாதி பேரு வண்டிதான் ஓட்டுறான்.

கணபதி டூல்ரூம்:

ஓட்டட்டுமுங்க, யாரு வேண்டாங்கறா. பெட்ரோலு, வண்டி சர்வீசு, ஃபோன் ரீசார்ஜு கழிச்சிட்டு இருபதான்னு மட்டும் சொல்லுங்க தம்பி. இருபது வயசுல வாங்கறதும் முப்பது வயசுல வாங்கறதும் அதுல ஒரே காசுதான். எங்க விஎம்சி மில்லிங் மெஷின செட் பண்றவன் ஒருத்தன் அப்ரண்டிஸா வந்தவன், இப்ப அவன் லீவு கேட்டா எனக்கு பகீர்ங்குது.

ஸ்டைபண்ட் கம்மிதான், அத நானும் ஒத்துக்கறேன். 2019ல வச்ச ரேட்டு அது, 5,000த்துல ஆரம்பிச்சு டிகிரிக்கு 9,000 வரைக்கும். 2025ல சென்ட்ரல் அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 36 சதவீதம் ஏத்தோணும்னு சிபாரிசு பண்ணிச்சு, 6,800ல இருந்து 12,300 வரைக்கும். ஆறு வருசம் வெலவாசி என்ன சும்மாவா இருந்துச்சு?

அரக்கோணம் அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. வாசு அண்ணா சொன்னதும் தம்பி வாட்ஸ்அப்ல இருந்த லெட்டர வாங்கி பாத்தேன். மேல கம்பெனி பேரு இல்ல. ஏதோ ஒரு ஸ்கில் ட்ரஸ்ட்னு இருக்கு, கீழ சின்ன எழுத்துல "டிப்ளாயட் அட் கிளையண்ட் பிரிமிசஸ்"னு இருக்கு, அதாவது வேற கம்பெனி எடத்துல வேலைக்கு விடுவாங்களாம். கான்ட்ராக்ட் ரெஜிஸ்ட்ரேஷன்னு எதுவும் இல்ல, பிஎஃப் பத்தியும் இல்ல. எந்த டிபார்ட்மெண்ட்னு அவன ஃபோன் பண்ணி கேக்கச்சொன்னேன், "ஜாயின் பண்ணப்புறம் சொல்லுவோம்"னாங்களாம். கோயம்புத்தூர் அண்ணா, கேட் கிரில் வேலைய பயோடேட்டால போடலன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? போடவே இல்ல.

அம்மா டிப்ளமோ பத்தி கேட்டதுக்கு யாராவது சொல்லுங்களேன். அப்ரண்டிஸ் போயிட்டா அப்புறம் படிக்க முடியாதா?

ஐடிஐ டீச்சர்:

நான் ஒரு கவர்மெண்ட் ஐடிஐல ஏடிஓ, அதாவது உதவி பயிற்சி அலுவலர். இந்த கேள்வி வருஷா வருஷம் என்கிட்ட வரதுதான், அம்மாக்கள்தான் அதிகம் கேப்பாங்க.

படிக்க முடியும்மா. பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷ ஐடிஐ பாஸ் பண்ணவன் பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம், லேட்டரல் என்ட்ரி. டிப்ளமோ முடிச்சா அதே மாதிரி பிஇ ரெண்டாம் வருஷம். அப்ரண்டிஸ் ஒரு வருஷம் போயிட்டு வந்ததுனால இந்த கதவு மூடாது. அதோட நம்ம தமிழ்நாட்டுல பத்தாவது பிளஸ் ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க பன்னிரண்டாவது தமிழ், இங்கிலீஷ் மொழிப்பாடம் மட்டும் எழுதி பாஸ் பண்ணா பிளஸ் டூவுக்கு சமம்னு அரசாணை இருக்கு. இது பாதி பசங்களுக்கு தெரியவே தெரியாது, நானே கிளாஸ்ல கத்தி கத்தி சொல்றேன். உங்க தம்பிய மொத வேலையா அத எழுதச்சொல்லுங்க, நாளைக்கு ஏதாவது அறிவிப்புல பிளஸ் டூ கேட்டா கைய பெசஞ்சிட்டு நிக்க வேண்டாம்.

அப்ரண்டிஸ் சர்டிபிகேட்ல ஒரு விஷயம் பாக்கணும். டெசிக்னேட்டட் ட்ரேட், ஆப்ஷனல் ட்ரேட்னு ரெண்டு இருக்கு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் மாதிரி டெசிக்னேட்டட் ட்ரேட்ல அப்ரண்டிஸ் பண்ணி கடைசியில ஆல் இந்தியா ட்ரேட் டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணாதான் என்ஏசி, நேஷனல் அப்ரண்டிஸ்ஷிப் சர்டிபிகேட். ரயில்வே டெக்னிசியன், லோகோ பைலட் அறிவிப்புல "ஐடிஐ அல்லது ஆக்ட் அப்ரண்டிஸ்"னு போடறாங்களே, அதுக்கு செல்லுபடியாகுறது இதுதான். ஆப்ஷனல் ட்ரேட்ல கம்பெனியே ஒரு பேரு வச்சு சிலபஸ் போட்டு எடுப்பாங்க, அதுக்கும் சர்டிபிகேட் உண்டு, தப்புன்னு சொல்லல, ஆனா அத நீட்டினா எல்லா எடத்துலயும் என்ஏசி மாதிரி மதிக்க மாட்டாங்க. ஐசிஎஃப்ல கெடைக்கறது டெசிக்னேட்டட், அதுல சந்தேகம் இல்ல. ட்ரேட் டெஸ்ட்ட மட்டும் சாதாரணமா நெனைக்க வேண்டாம், ஒரு வருஷம் முழுக்க போயிட்டு கடைசி பரீட்சைக்கு வராம விடுற பசங்க இருக்காங்க, வேற எங்கயோ சம்பளம் கெடச்சுதுன்னு போயிடுறாங்க, அப்புறம் என்ஏசி இல்லாம அந்த வருஷத்துக்கு ஒரு அத்தாட்சியும் கெடையாது.

எங்க லைன்லயும் வரலாம். என்ஏசியோட சிஐடிஎஸ்னு இன்ஸ்ட்ரக்டர் ட்ரெய்னிங் ஒரு வருஷம் முடிச்சா ஐடிஐல சொல்லிக்குடுக்கற வேலைக்கு தகுதி வரும். கிண்டியிலயே அதுக்கு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. நானே டர்னர் அப்ரண்டிஸ் முடிச்சு அப்படி வந்தவதான், எங்க பேட்ச்ல லேத்துல நின்ன ஒரே பொண்ணு. இப்ப என் கிளாஸ்ல பொண்ணுங்க வராங்க, புதுமைப்பெண் 1,000 ரூபா வந்தப்புறம் வீட்லயும் கொஞ்சம் விடறாங்க, பசங்களுக்கும் தமிழ்ப்புதல்வன்ல அதே 1,000 வருது. டாட்டா டெக்னாலஜிஸோட சேந்து 71 கவர்மெண்ட் ஐடிஐல ரோபோட், சிஎன்சின்னு புது லேப் போட்டிருக்காங்க, உங்க தம்பி படிச்ச ஐடிஐல அது இருக்கான்னு பாருங்க, பழைய மாணவன்னு போய் நின்னா எந்த வாத்தியாரும் துரத்த மாட்டாங்க.

அந்த லெட்டர பத்தி, கான்ட்ராக்ட் நம்பர் இல்லாம அப்ரண்டிஸ்னு யாராவது சொன்னா அது அப்ரண்டிஸ் இல்ல. சந்தேகம்னா உங்க மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துல காட்டி கேளுங்க. காசு கேக்க மாட்டாங்க.

நெக்கர் நதிக்கரை:

நான் ஜெர்மனில ஆஸ்பில்டுங் பண்றேன், அதாவது இங்கத்த அப்ரண்டிஸ்ஷிப், மெக்கட்ரானிக்ஸ், மூன்றரை வருஷம். தம்பி மாதிரி பசங்களுக்கு இப்ப யூட்யூப்ல இதத்தான் காட்டுறாங்க, அதான் ரெண்டு வார்த்த சொல்லிட்டு போறேன்.

இங்க கம்பெனி கூட கான்ட்ராக்ட் போட்டாதான் ஆரம்பமே. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் இல்லன்னா மொத்தமா சில வாரம் தொழிற்கல்வி பள்ளிக்கூடம், மீதி நாள் கம்பெனி. கடைசி பரீட்சைய கம்பெனி நடத்தாது, தொழில் வர்த்தக சபை நடத்தும், அதனால ஒழுங்கா சொல்லிக்குடுக்காத கம்பெனி அங்க மாட்டிக்கும். மொத வருஷ குறைந்தபட்ச சம்பளம் 2025ல ஆரம்பிச்சவங்களுக்கு மாசம் 682 யூரோ, பெரிய கம்பெனிங்க இதுக்கு மேல நல்லாவே குடுக்கும். முடிச்சிட்டு வேலைல இருந்தா ரெண்டு வருஷத்துல நிரந்தரமா தங்கற அனுமதிக்கு அப்ளை பண்ணலாம்.

ஆனா பாஷ. விசாவுக்கு ஜெர்மன் பி1 லெவல்னு சொல்லுவாங்க, இங்க வந்து மாஸ்டர் மெஷின் பக்கத்துல நின்னு வேகமா உள்ளூர் ஜெர்மன் பேசும்போது அதுக்கு அடுத்த பி2வே பத்தல. நான் மெஷினுக்கு பயப்பட்டத விட பள்ளிக்கூடத்துல பொலிட்டிக்ஸ் பாடத்துக்குதான் பயந்தேன். நம்ம ஐடிஐ சர்டிபிகேட்ட அப்படியே சமம்னு ஏத்துக்கறது அபூர்வம், ஒப்பிட்டு பாத்து பகுதி பகுதியாதான் தருவாங்க. அப்புறம் ஊர்ல லட்சக்கணக்குல வாங்கிட்டு ஆஸ்பில்டுங் எடம் வாங்கித் தரோம்ங்கற ஏஜெண்டுங்க, தள்ளியே இருங்க, எடம் தேடுற வெப்சைட் இங்க அரசாங்கமே இலவசமா வச்சிருக்கு.

தம்பிக்கு இது இப்போதைக்கு இல்ல. ஐசிஎஃப் போகும்போதே சாயங்காலம் ஜெர்மன் படிக்க ஆரம்பிச்சா ஒருவேள.

வம்பு வேண்டாம் வாசு:

ஜெர்மன் இருக்கட்டும்பா, மொதல்ல அவன் ஃபோன கீழ வைக்கட்டும்.

அக்கா, அந்த லெட்டர்ல நீங்க சொன்ன "கிளையண்ட் பிரிமிசஸ்" வார்த்த போதும் எனக்கு. வேண்டாம்னு நேரா சொல்லிடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட டெபாசிட்டா கேட்டா குடுக்கவே குடுக்காதீங்க, என்னுத வாங்கி வச்சிட்டு திரும்பத் தர எவ்ளோ நடக்க விட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும். 90,000 கணக்கு அப்பாவுக்கு பெருசுதான், அது பொய் இல்ல. ஞாயித்துக்கெழம பழைய பட்டறைக்கு போனான்னா கொஞ்சம் ஈடு கட்டலாம், ஓனர்கிட்ட பேசி பாருங்க.

அரக்கோணம் அக்கா:

அப்பாகிட்ட இதெல்லாம் படிச்சு காட்டினேன். அந்த விரல் விஷயம் வந்ததும் ஒண்ணும் பேசல, எழுந்து வண்டி தொடைக்க போய்ட்டாரு. அப்புறம் "சரி ரயிலுக்கே போகட்டும், ஆனா பரீட்சைக்கு படிக்கலன்னா ஆறு மாசத்துல நிறுத்திடுவேன்"னாரு. நிறுத்தினா சர்டிபிகேட் வராதுன்னு டீச்சர் சொன்னத இன்னும் நான் அவருக்கு சொல்லல. பட்டறை ஓனர் ஞாயிறு வரச்சொல்லிட்டாரு.

லோகோ தம்பி, சர்டிபிகேட் சரிபாக்க போகும்போது என்னென்ன எடுத்துட்டு போகணும்?

பெரம்பூர் லோகோ:

கூப்பிட்ட லெட்டர்ல இருக்கறதுதான் கடைசி வார்த்த, அத ஒருக்கா முழுசா படிங்க. பொதுவா ரயில்வே அப்ரண்டிஸுக்கு பத்தாவது மார்க் ஷீட், ஐடிஐ என்சிவிடி சர்டிபிகேட் மார்க் ஷீட்டோட, சாதி சான்றிதழ், ஆதார், ஃபோட்டோ கேப்பாங்க, எல்லாம் ஒரிஜினலும் ரெண்டு செட் ஜெராக்ஸும். ஓபிசின்னா மத்திய அரசு ஃபார்மட்ல சர்டிபிகேட் வேணும், நம்ம ஊர் பிசி எம்பிசி சர்டிபிகேட் மட்டும் எடுத்துட்டு வந்து கவுண்டர்ல நிக்கற பசங்க எப்பவும் இருப்பாங்க, இல்லன்னா இன்னைக்கே இ-சேவைல போடுங்க. கவர்மெண்ட் டாக்டர்கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டும் கேக்கறது உண்டு, லெட்டரோட அந்த ஃபார்ம் வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அரக்கோணம் ஜிஹெச்ல காலைலயே போயிடுங்க.

பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற பேரு, இனிஷியல், பொறந்த தேதி ஆதார்ல அப்படியே இருக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் கான்ட்ராக்ட் போடும்போது போர்ட்டல் தள்ளிடும். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகியிருக்கான்னும் பாருங்க, ஸ்டைபண்ட் அதுலதான் விழும்.

வில்லிவாக்கத்துல எறங்கினா கிட்ட, ஆனா எல்லா ஃபாஸ்ட்டும் அங்க நிக்காது, பாத்து ஏறச்சொல்லுங்க. மொத நாள் நான் கேட்ல இருந்தா பாக்குறேன், ப்ளூ சட்ட போட்டவன்லாம் நான்னு நெனைக்க வேண்டாம், இன்பாக்ஸ்ல மெசேஜ் போடச்சொல்லுங்க.